மற்றதிலை இருக்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரை படித்து, மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிசில் கடிதம் அடித்துக்கொண்டிருந்தவள். ‘மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களுக்கு அறியத்தருவது’ என்று ஆரம்பித்தால்தான் எனக்குக் கை ஓடும். ஒரு மனிதரைப் பற்றி அப்படி ஆரம்பிக்க முடியாது என்பதால் பல தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அவர் பெயரை எழுதவில்லை. அவருக்கு ஒரு மகள் உண்டு. அந்த மகள் இதைப் படிக்க நேர்ந்தால், இது தன் அப்பாவாக இருக்காது என்று நினைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கட்டும்.

தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் கிளாக்கரையா. யாழ்ப்பாணத்துக்காரர். நான் ஆபிசில் சேர்ந்தபோதே அவர் அங்கே வந்து இருபது வருஷத்துக்குக் கிட்ட ஆகியிருந்தது. தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒரு பெண் ஆபிஸ் நாற்காலியில் உட்காருவது அப்போது புதினம். முதல்நாள் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்குத் தலை நிமிரவே இல்லை. அவர் மட்டும் பார்க்கவில்லை. “பிள்ளை, உந்தக் கதிரை ஆடும். மற்றதை எடும்” என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

எதிலும் அவருக்கு ஒன்று போதாது. கண்ணாடி இரண்டு. சாவிக்கொத்து இரண்டு. குடை இரண்டு, ஒன்று ஆபிசில், ஒன்று குவாட்டர்சில் இருக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஆனால் எப்படியோ காலையில் மழை பிடித்தால் இரண்டு குடையும் ஆபிசில் தொங்கும். பின்னேரம் பிடித்தால் இரண்டும் குவாட்டர்சில் இருக்கும். எங்கள் தோட்டத்தில் குடையே இல்லாதவர்கள்கூட அவரைப் போல நனைந்ததில்லை. தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து நிற்பார்.

“குடை எங்கங்க ஐயா?”

“மற்ற இடத்திலை இருக்கு, பிள்ளை.”

கண்ணாடியைக் கேட்டால் மற்ற சட்டையில் இருக்கும். பேனையைக் கேட்டால் மற்ற மேசையில் இருக்கும். ஆபிசில் நாங்கள் அவருக்குத் தெரியாமல் இதைச் சொல்லிச் சிரிப்போம். ஒருநாள் ஸ்டோர் கிளாக்கர், “இவரோட உசிர எமன் கேட்டு வந்தாலும் மத்ததுல இருக்குனு அனுப்பிருவாரு” என்றார். நானும் சிரித்தேன்.

ஏன் இப்படி என்று அவரே ஒருமுறை சொன்னார். முன்பு வேலை பார்த்த இடத்தில், கலவரத்தில், அவருடைய பெட்டி எரிந்துபோனது. படித்த சான்றிதழ், பிறந்த சான்றிதழ், கலியாணப் பதிவு எல்லாம் அதற்குள். “ஒரு பிரதி மற்ற இடத்திலை இருந்திருந்தால் நான் ஆர் எண்டு காட்ட நாலு வருஷம் அலைஞ்சிருக்க மாட்டன்” என்றார். அதற்குப் பிறகு ஒரு துண்டுக் கடிதத்தைக்கூடக் கார்பன் தாள் வைக்காமல் எழுதமாட்டார்.

அவருடைய குவாட்டர்சைக் கூட்டிப் பெருக்கியது என் அம்மா. கட்டிலுக்குக் கீழே எப்போதும் ஒரு பிரயாணப் பை கட்டியபடி இருக்குமாம். வேட்டி, சவரச் சாமான், பல்லுத் தூரிகை எல்லாம் அதற்குள் ஒரு ஜோடி, வெளியில் ஒரு ஜோடி. “பொங்கலுக்குப் போறேன், தீவாளிக்குப் போறேங்கிறாரு. பையத் தூக்கித் தூக்கி வச்சு நான்தான் கூட்டுறேன். அவரு போன பாடில்ல” என்பாள் அம்மா.

தொண்ணூறில் அவருடைய மனைவி கைக்குழந்தையுடன் ஊருக்குப் போனார். பிறகு யுத்தத்தில் பாதை அடைபட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கடிதம்தான். அதுவும் சில நேரம் மூன்று மாதத்துக்கு ஒன்று.

அந்தக் காலத்தில்தான் ஆபிசுக்குக் கணினி வந்தது. கம்பளிப் போர்வையில் சுற்றி வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் பதுளையில் ஆறு மாதம் கணினி படித்திருந்ததால் என்னை அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நாளில் அதில் பிரிண்டர் வேலை செய்யாமல் போயிற்று. கிளாக்கரையா ஒரு சனிக்கிழமை தானே விண்டோஸ் சீடியைப் போட்டுத் திருத்தப் பார்த்தார். பழையதை அழிக்கட்டுமா என்று அது கேட்டிருக்கிறது. அழி என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பழையது கிடக்கட்டும் என்று பக்கத்திலேயே இன்னொரு விண்டோஸைப் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை நான் கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு வரி. இரண்டிலும் ஒரே பெயர். ஓர் எழுத்து வித்தியாசம் இல்லை. எதற்குள் போகிறாய் என்று கேட்கிறது. கீழே முப்பதிலிருந்து நொடி குறைந்துகொண்டு வருகிறது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் மேலே இருப்பதற்குள் தானாகப் போய்விடும். அது புதியது. பிரிண்டர் அதில்தான் வேலை செய்யும். பழையது கீழே.

“ரெண்டு பேர் ஒண்டுக்குள்ளை நிண்டால் குழம்பும். கீழை உள்ளது உமக்கு, மேலை உள்ளது எனக்கு” என்று பிரித்துவிட்டார். தன்னுடையதற்குப் பாஸ்வேர்டும் போட்டார். நான் பழையதில் அடித்து, பிளாப்பியில் எடுத்து, கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டு, எழுந்து நிற்க வேண்டும். அவர் உட்கார்ந்து தன்னுடையதற்குள் போய்ப் பிரிண்ட் எடுத்துத் தருவார். ஒரு பக்கக் கடிதத்துக்குக் கால் மணித்தியாலம் போகும். ஒன்றில் வைத்தது மற்றதில் தெரியாது. இப்படி மூன்று வருஷம் வேலை செய்தோம் என்று சொன்னால் இன்றைக்கு என் மருமகன் நம்பமாட்டான்.

இனி லிஸ்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளை எழுதிய பழைய புத்தகம் ஒன்று இருந்தது. பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அந்தப் புத்தகத்தில் உள்ள ஒரு வரிதான் ஆதாரம். புத்தகமோ பூச்சி அரித்துத் தூளாகிக்கொண்டிருந்தது. புத்தகம் முழுவதையும் கணினியில் அடித்து, தோட்டத்தை நடத்துகிற துரை கையெழுத்து வைத்துக் கொடுத்தால், அதைக் கொண்டு சான்றிதழ் தருகிறோம் என்று பதிவுக் கந்தோரில் சொன்னார்கள். பாதியாகக் கொடுத்தால் பாதிப்பேருக்குத்தான்.

அப்போது வடக்குப் பாதை திறந்திருந்தது. துரை சிங்களவர், நல்ல மனிதர். கிளாக்கரையா வேலையை விட்டு ஊருக்குப் போவதற்கு ஒத்துக்கொண்டு, “இந்த லிஸ்டை மட்டும் முடித்துத் தந்துவிட்டுப் போங்கள்” என்றார். மனைவியிடமிருந்து வரும் கடிதங்களிலும் ஒரே கேள்விதானாம். லிஸ்ட் முடிஞ்சுதோ.

முடியவில்லை. தினம் பத்து மணிக்கு ஐயா புத்தகத்தை விரித்து வாசிப்பார், நான் அடிப்பேன். நாலு பெயர் போனதும் நிறுத்துவார். “உந்தப் பெயரை மற்றதிலை ஒருக்கால் பாத்திட்டுத்தான் போடோணும்” என்பார். போன வாரம் அடித்த பக்கத்தைப் பிழை என்று சொல்லித் திரும்ப அடிக்கச் சொல்வார். எனக்குப் பிழை தெரியாது. கேட்கவும் மாட்டேன். நாற்பதாம் பக்கத்துக்கும் ஐம்பதாம் பக்கத்துக்கும் நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றோம்.

பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு, ராக்கம்மா அக்கா வாரத்துக்கு ஒருமுறை ஆபிஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லை என்று பொலிஸ்காரர்கள் இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் துரை கடிதம் கொடுத்து, ராக்கம்மா அக்கா விடியப் பஸ் ஏறிப் போய்க் கூட்டிவந்தார்.

“என்னாங்கய்யா, எம் மகன் இன்னும் பொறக்கலீங்களா?”

“பொறுமையாய் இருங்கோ ராக்கம்மா. மகன்ரை பக்கம் மற்றதிலை இருக்கு.”

“அந்த மத்தத ஒரு நாளைக்கு வெளிய தூக்கிட்டு வந்து காட்டுங்கய்யா. நாங்களும் கும்புட்டுக்கிறோம்.”

ஆபிஸ் முழுவதும் சிரித்தது. ஐயாவும் சிரித்தார். ஆனால் அவர் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

பாதை திறந்த முதல் வருஷம் ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனார். இரண்டு வார லீவு. அம்மா பையை ஆபிஸ் வரைக்கும் தூக்கிவந்து வழியனுப்பினாள். ஆறாம் நாள் காலையில் நான் வந்தால் ஐயா மேசையில் இருக்கிறார். “லிஸ்ட் வேலை கிடக்கெல்லே” என்றார். பை திரும்பவும் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது, கட்டியபடியே.

நான் சொல்ல வந்த வாரம் ஐப்பசி மழையில் வந்தது. சனிக்கிழமை மடுல்சீமைப் பாடசாலையில் நடமாடும் சேவை. அதிகாரிகள் அங்கேயே வந்து சான்றிதழ்களுக்குப் பதியப்போகிறார்கள். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. செவ்வாய்க்கிழமை கணினி நின்றுவிட்டது. இரண்டு விண்டோஸும் இடத்தை அடைத்து அடைத்து, பழையது திறக்கவே இல்லை. மேலே இருப்பது பத்துத் தடவைக்கு ஒரு தடவை திறந்தது. பிரிண்ட் கொடுத்தால் உறைந்துபோனது. என்னிடம் பிளாப்பியில் இருந்தது பாதி லிஸ்ட். ராக்கம்மா அக்காவின் மகன் வந்த பக்கம் அதில் இல்லை. இருப்பதைக் கொடுப்போம், மிச்சம் அடுத்த தடவை என்று துரை சொன்னார்.

புதன்கிழமை பசறைப் பாதையில் மண் சரிந்தது. பஸ் இல்லை. பதுளையிலிருந்து கணினி திருத்த வருகிறேன் என்ற, எனக்குக் கணினி படிப்பித்த சேரால் வர முடியவில்லை. போனில் சொன்னார்.

“ரெண்டையும் சேத்து அழிச்சிரும்மா. சுத்தமா அழிச்சிட்டு ஒண்ணே ஒண்ணு போடு. ஒண்ணுக்குப் பக்கத்துல இன்னொண்ணு போட்டா வாழ்க்கை பூரா இதே கதைதான். ஆனா அழிச்சா திரும்பி வராது. உள்ள என்ன இருக்குனு பாத்து எடுத்துட்டு அழி.”

வியாழக்கிழமை காலை ஆபிசில் நாங்கள் இரண்டு பேர்தான். துரை மண்சரிவைப் பார்க்கப் போயிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி கம்பி வரைக்கும் வந்து நின்றது. ஸ்டோர்கூடத் தெரியவில்லை.

“ஐயா, அழிக்கிறதுக்கு முன்னால உங்கடதத் தொறந்து பாக்கணுமாம்.”

“அதுக்குள்ளை ஒண்டும் இல்லை, பிள்ளை. நேரை அழியும்.”

நான் சீடியைக் கையில் எடுத்தேன். அவரை எதிர்த்து ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. யாரையுமே எதிர்த்துப் பேசியதில்லை. எப்படி வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

“நீங்கதானேங்க ஐயா, எல்லாம் மத்ததுல இருக்குனு சொல்லுவீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நாலு தடவை நிறுத்திப் போட்டபின் அவருடையது திறந்தது. இரண்டு விரலால் பாஸ்வேர்டை அடித்துவிட்டு, எழுந்து ஜன்னலருகில் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே லிஸ்ட் இருந்தது. திறந்தேன். நாற்பதாம் பக்கம், ஐம்பதாம் பக்கம், எண்பதாம் பக்கம். கடைசிப் பக்கம் வரைக்கும் இருந்தது. தகப்பன் பெயர், தாய் பெயர், லயத்து நம்பர் எல்லாம் கோடு போட்டு அழகாக. ராக்கம்மா அக்காவின் மகன் அறுபத்திரண்டாம் பக்கத்தில் பிறந்திருந்தான். பைலைக் கடைசியாகத் தொட்ட திகதி பக்கத்திலேயே காட்டியது. எட்டு மாதம் ஆகியிருந்தது. பின்னேரம் நாங்கள் போன பிறகு தனியாக இருந்து அடித்து முடித்திருக்கிறார். முடித்துவிட்டு, மறுநாள் பத்து மணிக்கு வந்து, எனக்கு நாற்பத்திமூன்றாம் பக்கத்தை வாசித்திருக்கிறார்.

மகனை இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டு போனது அந்த எட்டு மாதத்துக்குள்தான்.

“அதிலை கனக்கப் பிழை இருக்கு. அதை எடுக்காதையும்” என்றார், திரும்பாமல்.

நான் பிளாப்பியைச் செருகினேன். அது கர் கர் என்று சத்தம் போடத் தொடங்கியது. அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

சத்தம் நின்றதும் அவர் சொன்னார்: “ரெண்டிலை எடும், பிள்ளை. ஒரு பிளாப்பியை நம்பேலாது.”

இரண்டில் எடுத்தேன். கடிதங்களையும் எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சீடியைப் போட்டேன். நீலத் திரை வந்தது. அழிப்பதற்கு ஓர் எழுத்து, நிச்சயமாகத்தானா என்று கேட்டால் இன்னோர் எழுத்து. முதல் எழுத்தை நான் அழுத்தினேன். இரண்டாவதில் விரலை வைத்துக்கொண்டு, “அழிக்கட்டுங்களா?” என்றேன்.

“அழியும்.”

பார்த்திருக்கும்போதே இரண்டும் இல்லாமல் போயின. ஒரு நொடிகூட ஆகவில்லை. பிறகு திரையின் ஓரத்தில் முப்பத்தொன்பது நிமிடம் என்று வந்தது. அவ்வளவு நேரம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மழை வலுத்திருந்தது, இரண்டு குடையும் குவாட்டர்சில், அவரால் வெளியேயும் போக முடியவில்லை. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

“அங்கை போன முதல்நாள் மகள்தான் தேத்தண்ணி கொண்டுவந்தவள். வீட்டிலை ரெண்டு வகைக் கோப்பை, பிள்ளை. வீட்டாக்களுக்கு ஒண்டு. வாற ஆக்களுக்குக் கரை போட்டது. எனக்குக் கரை போட்டதிலை வந்தது.”

கோப்பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

“பிழை சொல்லேலாது. கைக்குழந்தையாய்ப் போன பிள்ளை. அவளுக்கு நான் படம்தானே. மனுசியும் பாவம், எல்லாத்தையும் தனியச் செய்து பழகிப்போட்டுது. நான் ஒரு கதவைத் திறந்தால், என்ன வேணும் எண்டு ரெண்டு பேரும் ஓடி வருவினம். அஞ்சாம் நாள் பிள்ளை வந்து மரியாதையாய்க் கேட்டாள். நீங்கள் எப்ப போறியள் எண்டு. பஸ்ஸுக்குச் சொல்லிவைக்கோணும் எண்டுதான் கேட்டவள். வேறை ஒண்டும் இல்லை.”

“இங்க இருந்திருங்களேன் ஐயா.”

“இஞ்சை? வேலையை விட்டால் குவாட்டர்சும் இல்லை. இஞ்சை நான் ஆர்?” என்றவர், “ராக்கம்மாவின்ரை பெடியனைப் பிடிச்சது எனக்குத் தெரியும். தெரியாமல் இல்லை” என்றார்.

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கோபம் இருந்தது. ஆனால் அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்துக்கொண்டிருந்தார். ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. பிரிண்டரையும் பொருத்தினேன். கணினியை நிறுத்திப் போட்டபோது கறுப்புத் திரை வந்து, எதுவும் கேட்காமல், நேராக உள்ளே போய்விட்டது.

“மற்றது?” என்றார் ஐயா.

“இல்லீங்க ஐயா. ஒண்ணுதான்.”

லிஸ்டை ஒரே மூச்சில் பிரிண்ட் எடுத்தேன். பிழை இருக்கிறது என்றாரே என்று புத்தகத்தோடு ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட்டேன். ஒரு பிழைகூட இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாதையில் ஒரு பக்கம் மண்ணை அள்ளிவிட்டதால் பஸ் ஓடியது. ஐயா எட்டு மணிக்கு வந்தார். துரை லிஸ்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்து, ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, இனி ஊருக்குப் போகலாம்தானே என்று கேட்டார். இன்னும் ஒரு புத்தகம் இருக்கிறது என்று ஐயா சொன்னார். அலமாரியைத் திறந்து, தோட்டத்தில் இறந்தவர்களை எழுதிய புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி, என் மேசையில் வைத்தார். அதை அடிக்கச் சொல்லி யாரும் கேட்டிருக்கவில்லை. அன்றைக்கு அவர் கணினியில் உட்கார்ந்து, என்னை வாசிக்கச் சொன்னார். நான் முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன்.